பாதியில் எழுதப்படும் தீர்ப்பு

குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ஒரு படத்தைக் குறைசொல்வது எளிது. அந்த எளிய வேலையை நானும் செய்திருக்கிறேன். ஜப்பானிய இயக்குநர் ஷினிச்சிரோ உவேதாவின் ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ படத்தை முதன்முறை பார்த்தபோது, இருபதாவது நிமிடத்திலேயே நிறுத்திவிட்டேன். பாழடைந்த கட்டடத்தில் ஸோம்பி படம் எடுக்கவந்த குழுவை உண்மையான ஸோம்பிகளே தாக்குகின்றன. வசனங்களுக்கிடையே பொருந்தாத மௌனம். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறும் நடிகர்கள். ‘அரைகுறை வேலை’ என்று மனத்துக்குள் தீர்ப்பெழுதி முடித்தேன்.

நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால் பின்னர் முழுமையாகப் பார்த்தேன். வெட்டின்றி 37 நிமிடங்கள் நீளும் அந்தத் தொடக்கத்தின் பிழைகளுக்கெல்லாம் பின்பாதியில் விடை காத்திருந்தது. அவ்விடையை இங்கே சொல்வது முறையாகாது.

திரைப்படப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் பட்டறையில், அறியப்படாத நடிகர்களைக் கொண்டு சுமார் 30 லட்சம் யென் செலவில் உருவான படம் இது. 2018 ஜூனில் டோக்கியோவின் இரண்டு சிறிய அரங்குகளில் வெளியானது. வாய்மொழிப் பாராட்டால் 300-க்கும் மேற்பட்ட அரங்குகளுக்குப் பரவி, 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. அதற்கு முன்பே இத்தாலியின் உதினே திரைவிழாவில் பார்வையாளர் விருதில் இரண்டாம் இடம் பெற்றிருந்தது.

விமர்சகர்களுக்கு இப்படம் வைத்த சோதனை விசித்திரமானது. சிறப்பை விளக்கினால் படம் கெடும். விளக்காவிட்டால் பாராட்டுக்கு ஆதாரமில்லை. ‘பொறுமையாக இருங்கள், எழுந்து போய்விடாதீர்கள்’ என்று வாசகரின் நம்பிக்கையைக் கடனாகக் கேட்பதே அவர்களுக்கு எஞ்சிய வழி. பலரும் அதையே செய்தார்கள். பார்த்த ரசிகர்களும் அந்த இரகசியத்தைக் காத்தார்கள்.

எல்லா மோசமான படங்களுக்கும் இப்பொறுமை தகுமா என்று கேட்கலாம். தகாது. பெரும்பாலான பிழைகள் வெறும் பிழைகளே. பார்வையாளர் தம் பணத்துக்கும் நேரத்துக்கும் உரியவர். விரும்பும்போது எழுந்து போகலாம். தீர்ப்பெழுதுபவருக்கு அந்த உரிமை இல்லை. அதைவிட முக்கியம், பொறுமையை நாம் சமமாகப் பங்கிடுவதில்லை என்பது. புகழ்பெற்ற இயக்குநரின் படத்தில் நீளும் மௌனத்தை ‘பாணி’ என்கிறோம். பெயரறியாதவரின் படத்தில் அதே மௌனம் ‘திறமைக் குறைவு’ ஆகிறது. நான் இருபதாவது நிமிடத்தில் எடைபோட்டது படத்தை அல்ல, அதன் செலவை.

பிரெஞ்சு இயக்குநர் மிஷெல் அசானவிசியுஸ் பன்மடங்கு செலவில் எடுத்த மறுஆக்கம் 2022-ஆம் ஆண்டு கான் திரைவிழாவின் தொடக்கப் படமானது. மூலத்துக்குக் கிடைத்த வரவேற்பு அதற்குக் கிட்டவில்லை. வறுமையை நடித்துக்காட்டுவதற்கும் அதற்குள் நின்று படைப்பதற்கும் உள்ள வேறுபாடு அது என்றே எனக்குத் தோன்றுகிறது.