நமது நத்தாரில் பாலனுக்கு இடம் உண்டா?



மார்கழி பிறந்துவிட்டால் பதுளை, பண்டாரவளை, மொனராகலைக் கடைத்தெருக்களில் தோட்டத்து மக்களின் கூட்டம் பெருகுகின்றது. கொழும்பில் வேலைபார்க்கும் பிள்ளைகள் பொதிகளோடு வந்து இறங்குகின்றனர். லயத்துச் சுவருக்கு வெள்ளை பூசுதல், பலகாரம் சுடுதல், புத்தாடை, நட்சத்திரக் கூடு, கரோல் பவனி என வேலைகள் இரவு பகலாகத் தொடர்கின்றன. இவற்றுள் எதுவும் தவறன்று. ஆண்டு முழுவதும் பிரிந்திருந்த குடும்பம் ஒரு நாளாவது சேர்ந்து உண்ணவேண்டும் என்ற ஆசை அன்பிலிருந்து பிறப்பதே. ஆயினும் இத்தனை ஆயத்தங்களுக்கும் காரணரான பாலன் இயேசுவுக்கு நாம் ஒதுக்கும் நேரம் எவ்வளவு?

2025ஆம் ஆண்டில் இக்கேள்வி மிகக் கடுமையாக நம்முன் எழுந்தது. அவ்வாண்டு நவம்பர் 28ஆம் திகதி ‘டித்வா’ சூறாவளி இலங்கையைத் தாக்கியது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண்சரிவுகளால் பெரிதும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. இரண்டு நாட்கள் கழித்து, நவம்பர் 30ஆம் திகதி, திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு வந்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதையுண்டதை மறவாத மலையகம், மீண்டும் தன் பிள்ளைகளைப் புதைத்த கண்ணீரோடு அந்த முதல் மெழுகுதிரியை ஏற்றியது. அலங்காரமும் புத்தாடையும் இல்லாமற்போனாலும் நத்தார் நத்தாராகவே இருக்குமா என்பதை அன்று பல குடும்பங்கள் தம் வாழ்விலேயே சந்தித்தன.

புனித லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெத்லகேம் இறைவனை வெறுத்த ஊர் அன்று. வேலை மிகுந்த ஊர். அரச கட்டளைப்படி பெயர் பதியவந்த மக்களால் நிறைந்திருந்தபடியால் சூசையப்பருக்கும் மரியன்னைக்கும் விடுதியில் இடம் கிடைக்கவில்லை. இடையர்களும் ஓய்ந்திருக்கவில்லை, இராக்காவல் என்னும் தம் தொழிலிலேயே இருந்தனர். ஆயினும் செய்தி கேட்டவுடன் விரைந்து சென்றனர். வேலை இருப்பது விசுவாசத்துக்குத் தடையன்று. எதற்கு முதலிடம் என்பதே வினா.

நம் பிரதேசத்தில் இந்த அவசரத்துக்குக் கடனும் துணைபோகின்றது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஆனால் 2022இன் நெருக்கடியில் ஏறிய விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஊவாவில் மார்கழி மழைமாதம்; கடும் மழை நாட்களில் மொனராகலையின் இறப்பர் தோட்டங்களில் பால்வெட்டு நின்றுவிடும். வருமானம் குறையும் மாதத்திலேயே செலவு பெருகுகின்றது. பண்டிகை முற்பணம் பின்னர் சம்பளத்தில் கழிக்கப்படும். அடகு வைத்த நகைக்கு வட்டி ஏறும். ஏழைகளுக்காக ஏழையாய்ப் பிறந்தவரின் விழா, ஏழையை மேலும் கடனாளியாக்கலாமா? அதிலும் ஒரு பகுதி சாராயத்துக்குப் போய், விழா இரவில் வீட்டில் சண்டையாய் முடிவது பெருந்துயரம்.

1223இல் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் கிரேச்சோ என்னும் சிற்றூரில் குடில் அமைத்தபோது அங்கே விலையுயர்ந்த பொருள் எதுவும் இல்லை; வைக்கோலும் மாடும் கழுதையும், திருப்பலியுமே இருந்தன. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசெம்பர் முதலாம் திகதி அதே ஊரிலிருந்து எழுதிய திருமடலில், இல்லங்களில் குடில் அமைக்கும் வழக்கத்தைக் காக்குமாறு கேட்டுக்கொண்டார். நம் மறைமாவட்டமும் 1972 டிசெம்பரில் உருவானதே. கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை அந்த ஆசனத்தை விட்டு, வசதிகுறைந்த இப்புதிய மறைமாவட்டத்தின் முதல் ஆயராக வந்தார். எளியவரிடம் இறங்கிவருவதே நத்தாரின் பொருள் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு.

ஆகவே, கைக்கெட்டிய சிலவற்றைச் செய்வோம். செலவின் எல்லையைக் கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசித் தீர்மானிக்கட்டும். ஒவ்வொரு மாலையும் தொலைக்காட்சியை நிறுத்திக் குடிலின் முன் பத்து நிமிடம் செபிப்போம். வேதாகமத்தைப் பிள்ளைகள் வாசிக்கட்டும். விழாவுக்கு முன்னரே ஒப்புரவு அருட்சாதனம் பெறுவோம். பேசாதிருக்கும் பக்கத்துக் காம்பிராவுக்கும் போய்ப் பேசுவோம். பகலெல்லாம் கொழுந்து பறித்து இரவெல்லாம் அடுப்படியில் நிற்கும் தாய், களைப்பினால் நள்ளிரவுத் திருப்பலியை இழக்காதவாறு வீட்டார் வேலையைப் பகிர்ந்துகொள்ளட்டும். அன்றைய தினம் குருவானவர் வர இயலாத தோட்டங்களில், சிற்றாலயத்தில் கூடி இறைவார்த்தை வழிபாடு நடத்தலாம். வீடிழந்த குடும்பம் ஒன்றை நம் பந்தியில் அமர்த்தி உண்போம்.

இடமில்லை என்று அன்று விடுதி சொன்னது. நமது லயக் காம்பிரா சிறியதுதான். எனினும் அதில் பாலனுக்கும் அவர் அனுப்பும் எளியவருக்கும் இடம் கொடுப்போம். பிறக்கும் பாலன் இயேசு உங்கள் இல்லங்களில் சமாதானத்தைப் பொழிவாராக.