வளரும் பிள்ளைக்குப் பெரிய மிதிவண்டியா?

பள்ளி விடுமுறை நெருங்கும் காலத்தில் பெற்றோர் சிலர் என்னிடம் பாடத்தைப் பற்றிக் கேட்பதைவிட மிதிவண்டியைப் பற்றியே அதிகம் கேட்கின்றனர். பழைய ரயில் பாதையில் குடும்பத்தோடு நெடுந்தூரம் செல்லப் போகிறார்களாம்; பிள்ளைக்கு எதை வாங்கலாம்? கேட்கும்போதே விடையையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். "கொஞ்சம் பெரியதாகவே வாங்கிடலாம் சார். வளர்ற பிள்ளைதானே?"

இந்த 'வளர்ற பிள்ளை' வாதத்தைத்தான் நான் மறுக்கிறேன். சட்டை சற்றுப் பெரிதாக இருந்தால் மடித்துத் தைத்துக்கொள்ளலாம். மிதிவண்டியை மடித்துத் தைக்க முடியுமா?

தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது 2011 ஜூன் 30ஆம் நாள் இரவு. தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்த பின்னர், ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் உரியதாயிற்று. ரயில் செங்குத்தான மேட்டில் ஏறாது என்பதால் அதற்காகப் போட்ட பாதையும் பெரும்பாலும் சமமாகவே இருக்கிறது. "சமதரைதானே, எந்த வண்டியும் போதும்" என்று பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மை நேர்மாறானது! மேடு பள்ளமான வழியில் இறக்கம் வந்தால் கால்களுக்கு ஓய்வு கிடைக்கும். எழுந்து நின்று மிதிக்கலாம், உடல் நிலை மாறும். சமதரையில் அந்தச் சலுகை இல்லை. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பிள்ளை 20 கிலோமீட்டரைக் கடக்க இரண்டு மணி நேரம் ஒரே இருக்கையில், ஒரே நிலையில் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீவக புளோக்கின் கீழே பத்து நிமிடம் ஓட்டும்போது தெரியாத பொருத்தக்குறை, இங்கே முழங்கால் வலியாகவும் இடுப்பு வலியாகவும் வெளிப்படும்.

அத்தகைய பயணம் ஒன்றில் மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியைக் கண்டேன். அவளுடையது 24 அங்குலச் சக்கர வண்டி. அவள் உயரத்திற்கு 20 அங்குலமே போதும். இருக்கையிலிருந்து சரிந்தால்தான் ஒரு கால் தரையில் படும். அதுகூடப் பெரிதன்று. பிரேக் பிடியை அவளுடைய விரல் நுனிகளே எட்டின. எதிரே நாயைக் கூட்டிக்கொண்டு ஒருவர் வந்தபோது அவள் வண்டியை நிறுத்தவில்லை. புல்லுக்குள் விட்டு விழுந்தாள். முட்டியில் சிராய்ப்பு மட்டும்தான். "இன்னும் சரியா ஓட்டக் கத்துக்கலை" என்றார் தந்தை. கற்றுக்கொள்ளாதது அவள்தானா?

கடைக்காரர் காட்டும் கவர்ச்சிகளையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தொரு கியர், முன்சக்கரத்திற்கு ஸ்பிரிங்... சமமான பாதைக்கு இவை எதற்கு? விலை மலிவான வண்டியில் உள்ள ஸ்பிரிங் பெரும்பாலும் எடையைத்தான் கூட்டுகிறது. 28 கிலோ பிள்ளைக்கு 14 கிலோ வண்டி என்பது, 70 கிலோ எடையுள்ள தந்தை 35 கிலோ வண்டியை மிதிப்பதற்குச் சமம். மிதித்துப் பாருங்களேன்! மண்ணும் பொடிக்கல்லும் இறுகிய தரைக்கு 35 முதல் 45 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் நன்கு பொருந்தும். பந்தய வண்டியின் மெல்லிய டயர் ஈர மண்ணில் தடுமாறும். நம் ஊர் மழைக்கு மட்கார்டும் வேண்டும். இல்லையேல் சேறு முதுகெல்லாம் கோலம் போடும்.

ஆசிரியர் பயிற்சியின்போது எங்களுக்குச் சொல்லித் தந்த முதற்பாடம், பிள்ளை இன்று நிற்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்புப் பயிற்சி நூலை வாங்கித் தரும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. (அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்!) வயதைச் சொல்லி வண்டி கேட்பதை விடுங்கள், பிள்ளையையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். குறுக்குச் சட்டத்தின்மேல் நின்றால் இடைவெளி இருக்க வேண்டும். மிதிகட்டை கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். பல வண்டிகளின் பிரேக் பிடியருகே சிறு திருகு உண்டு. அதைத் திருகிப் பிடியைக் கைக்கு அருகில் கொண்டுவரலாம். வளர்ச்சிக்கும் வழி இருக்கிறது. இருக்கைத் தண்டில் பொறித்துள்ள எல்லைக் கோடுவரை அதை உயர்த்திக்கொண்டே போகலாம்.

பண நெருக்கடி உண்மையானது. அதை நான் எள்ளவில்லை. ஈராண்டுக்கொரு முறை புதிய வண்டி வாங்க எல்லாராலும் இயலாது. ஆனால் பெரிய வண்டி ஒன்றுதான் வழியா? பழைய வண்டி வாங்கினால் கௌரவக் குறைவு என்று நினைப்பவர்கள், அண்டை வீட்டில் ஓராண்டாகத் தூசி படிந்து நிற்கும் வண்டியைக் கேட்கவும் கூசுகிறார்கள். ஒரு நாள் பயணத்திற்கு வாடகை வண்டியும் போதுமே.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று. நம் ஒப்புதல் படிவத்தில் ஒவ்வாமை, தொலைபேசி எண், தலைக்கவசம், தண்ணீர்ப் புட்டி எல்லாம் இருக்கும். வண்டியின் அளவைப் பற்றி ஒரு வரியும் இராது. அடுத்த பயணத்திற்கான படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்: இருக்கையில் அமர்ந்தபடியே இரு கால்விரல்களும் தரையைத் தொடுகின்றனவா? பிரேக் பிடியை விரல்கள் முழுமையாகப் பற்றுகின்றனவா? இல்லை என்று வரும் படிவங்களை எண்ணி, அத்தனை வாடகை வண்டிகளை முன்கூட்டியே சொல்லி வைப்போம்.