ஒரு செல் செத்தால் ரேமே செத்ததா?

ரேமில் ஒரு பிழை காட்டினால் போதும், "இது போச்சு, மாத்திடுங்க" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. கடைக்காரர் மட்டுமல்ல, விவரம் தெரிந்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். பழுதான ரேமை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்ற இந்த நம்பிக்கை தவறு. இருபது ஆண்டுகளுக்கு மேலாகவே தவறு.

இயங்குதளம் நினைவகத்தைப் பொதுவாக 4096 பைட் அளவுள்ள பக்கங்களாகப் பிரித்துத்தான் கையாள்கிறது. 8 ஜிபி ரேமில் அப்படி 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். ஒரு பிட்டை வைத்திருக்கும் ஒரு செல் செத்தால் அவற்றில் ஒன்றுதான் கெடுகிறது. அந்தப் பக்கத்தை எந்த நிரலுக்கும் கொடுக்காதே என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குச் சொல்ல வழி இருக்கிறது. லினக்ஸ் 2.2 காலத்திலேயே ரிக் வான் ரைன் 'பேட்ரேம்' என்ற பேட்சை எழுதிவிட்டார். இன்று லினக்ஸை ஏற்றும் கிரப் பூட்லோடரிலேயே அந்த வசதி உண்டு. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரல் கண்டுபிடிக்கும் முகவரிகளை அதில் கொடுத்தால் போதும். விண்டோஸில் பிசிடிஎடிட் கட்டளை வழியே கெட்ட பக்கங்களின் பட்டியலைக் கொடுக்கலாம்.

ஹார்ட் டிஸ்கில் பேட் செக்டர் வந்தால் டிரைவ் தானே அதை ஒதுக்கிவிட்டு மாற்று இடம் தருகிறது. எஸ்எஸ்டியின் நாண்ட் சில்லுகள் தொழிற்சாலையை விட்டு வரும்போதே சில கெட்ட பிளாக்குகளோடுதான் வருகின்றன. அங்கே இயல்பாகத் தெரிவது ரேமில் மட்டும் ஏன் மரண தண்டனையாகிறது?

"இன்று ஒரு இடம், நாளை எல்லா இடமும்" என்பார்கள். சில சமயம் உண்மைதான். சோதனை ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் பிழை வேறு வேறு முகவரியில் வந்தால் அந்த ரேமை நம்பக் கூடாது. கெர்னல் ஏறும் தொடக்கப் பகுதியிலேயே பழுது என்றால் ஒதுக்கவும் முடியாது. கணக்கு வழக்கு ஓடும் சர்வரில் இந்த வேலையே வேண்டாம். ஆனால் சோதனையை இரவு முழுக்க ஓட்டியும் அதே முகவரிதான் திரும்பத் திரும்ப வருகிறதென்றால், அது கெட்ட செல், ஒதுக்கலாம். அதற்கு முன் கெட்டுப்போன கோப்புகள் இருக்கலாம், அவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடியும் சோதியுங்கள்.

எனக்குக் கோபம் வருவது ரேமை போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த லேப்டாப்களை நினைக்கும்போதுதான். அங்கே ரேமை மட்டும் கழற்ற முடியாது, மதர்போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். கடன் வாங்கி லேப்டாப் வாங்கிய மாணவிக்கு அது புது லேப்டாப்பின் பாதி விலையாகக்கூட ஆகலாம். கெட்ட செல்லைச் சுற்றி ஒரு 64 கேபியை ஒதுக்கினால் படிப்பு முடியும்வரை அவளுக்கு அந்த லேப்டாப் ஓடக்கூடும். அடுத்த முறை யாராவது "ரேம் போச்சு" என்றால், பணம் கொடுக்கும் முன் எந்த முகவரியில், எத்தனை சுற்றில் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அவர்கள் சோதிக்கவே இல்லை.