சித்திரம் எழுதிய சித்திரை

கோடை வந்தால் ஆலயங்களில் உறையும் இறைவனுக்கும் கோடைதான். அக்னி நட்சத்திர நாள்களில் சிவலிங்கத் திருமேனிக்கு மேலே தாராபாத்திரம் தொங்குகிறது. அதன் அடியில் உள்ள சிறு துளை வழியே நீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. பெருமாள் வசந்த மண்டபத்துக்கு எழுந்தருளுகிறார். பானகமும் நீர்மோரும் நிவேதனமாகின்றன. நாமோ வெயிலுக்கு அஞ்சி, மின்விசிறிக்கு அடியை விட்டு எழுவதில்லை. நானும் அப்படிப்பட்டவன்தான். இந்த ஆண்டு மட்டும் சித்திரையும் வைகாசித் தொடக்கமுமாக 24 நாள்கள் சோழநாட்டு வெயிலில் அலைந்தேன். அதற்குக் காரணம் என் தம்பி.

தம்பிக்கு 64 வயது. அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தகப்பனார் ‘ஆனந்த விகட’னில் ஓவியர் சில்பி வரைந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ பக்கங்களைச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்திருந்தார். நாமக்கல்லில் பிறந்த சீனிவாசன் என்ற இளைஞருக்கு ‘சில்பி’ என்று பெயர் சூட்டியவர் ஓவியர் மாலி. கோயில் கோயிலாகச் சென்று, சிற்பத்தின் முன் அமர்ந்து, கல்லில் உள்ளதைக் கோட்டில் கொண்டுவந்தவர் சில்பி. அந்தப் பைண்டைப் பார்த்துப் பார்த்துத் தம்பி சிலேட்டில் கிறுக்கத் தொடங்கியபோது அவனுக்கு ஆறு வயதிருக்கும்.

சென்ற தை மாதம் அவனுடைய வலக்கையில் நடுக்கம் கண்டது. மருந்து கொஞ்ச காலம் கட்டுப்படுத்தும், முற்றிலும் நிறுத்தாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பங்குனியில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தான்.

“அண்ணா, கை ஓயறதுக்குள்ள ஒரு கோடை முழுக்க வரையணும்னு இருக்கு. மணி அடிக்கிற பள்ளிக்கூடம் இல்லாம, பரீட்சைத்தாள் திருத்தற வேலை இல்லாம, இஷ்டப்பட்ட கோயில்ல உட்கார்ந்து வரையணும். நீங்க கூட வரீங்களா?”

வருகிறேன் என்றேன். ஏன் உடனே சொன்னேன் என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டோம். காலை ஆறரைக்கு மாத்திரை. ஏழரைக்குள் கை ஒரு நிலைக்கு வந்துவிடும். அதன்பின் இரண்டு மணி நேரம் அது அவன் சொன்னபடி கேட்கும். பேனாவை அவன் விட்டுவிட்டான்; தடித்த கரிக்கோல்தான். மடியில் சும்மா இருக்கும்போது நடுங்குகிற கை, தாளைத் தொட்டதும் சற்றே அடங்குவதை அருகில் இருந்து பார்த்தேன். மூச்சை வெளியே விடும் நேரத்தில் ஒரு கோடு. பிறகு சிறிது ஓய்வு. அடுத்த மூச்சில் அடுத்த கோடு. நாம் நாமம் ஜபிப்பதற்கும் அதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

முதல் ஐந்து நாள்களும் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் எடுப்பித்த ஐராவதேசுவரர் ஆலயம். வருகிறவர்கள் தேர் வடிவ மண்டபத்தையும், ஒரே தலையில் யானையும் காளையும் தெரியும் சிற்பத்தையும் கண்டு வியந்து போய்விடுவார்கள். தம்பி கருவறையின் புறச்சுவருக்கு அடியில், தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டான். அறுபத்துமூன்று நாயன்மார்களின் வரலாறு சின்னஞ்சிறு சிற்பங்களாக அங்கே வரிசையாக இருக்கிறது. நின்றுகொண்டு பார்த்தால் கண்ணில் படாது. அடியார்களைத் தரிசிக்க வேண்டுமானால் குனியத்தான் வேண்டும் என்று அந்தச் சிற்பி முடிவு செய்திருப்பான் போலும்.

வரைந்து முடித்ததும் பசிக்கும். பத்தியத்தை மருத்துவர் எவ்வளவோ சொல்லியிருந்தும், உணவு விஷயத்தில் தம்பி தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளவில்லை; நானும் தடுக்கவில்லை. இட்லிக்குக் கடப்பா என்று ஒரு தொடுகறி இந்தப் பக்கத்துக்கே உரியது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சோம்பும் சேர்ந்து குருமாவும் அல்லாமல் சாம்பாரும் அல்லாமல் ஒரு தனிச் சுவை. பித்தளை டபராவில் நுரை ததும்பும் காபியைத் தம்பி தானே எடுத்துக் குடிக்க மாட்டான், தளும்பிவிடும். நான் பாதிப் பாதியாக ஊற்றிக் கொடுப்பேன். திருவையாற்றில் அசோகா இனிப்பு வாழையிலைத் துண்டில் வந்தது. நெய் விரலெல்லாம் ஒட்டியது. சிதம்பரத்துக்குப் போன அன்று, நடராசப் பெருமானுக்கு நிவேதனமாகும் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் கிடைத்தன. அன்று மாலை, கோபுர வாயிலில் உள்ள 108 கரணச் சிற்பங்களில் நான்கை மட்டும் வரைந்தான். “நாலு போதும்ணா, கை மறுக்குது” என்று தாளை மூடினான்.

அடுத்த நாள் ஒப்பிலியப்பன் கோயில். அங்கே பெருமாளுக்கு உப்பில்லாத நிவேதனம்தான் என்பது அன்பர்கள் அறிந்தது. தம் மகள் குழந்தை, உப்பிட்டுச் சமைக்கவும் அறியாதவள் என்று மார்க்கண்டேய முனிவர் தயங்கினார். உப்பில்லாமலே நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றார் பெருமாள். பிரகாரத்தில் அமர்ந்து புளியோதரையை உண்டபோது தம்பி சொன்னான்: “உப்பு குறையுதுன்னு தெரியவே இல்ல பாத்தீங்களா? அவர் குறையை வேண்டாம்னு சொல்லல. குறையோட சேர்த்து எடுத்துக்கிட்டார்.”

நான் பதில் சொல்லவில்லை. 24 நாள்களில் பலமுறை பேச வாயெடுத்து நான் விழுங்கிய விஷயம் ஒன்று என் தொண்டையில் இருந்தது.

திருவாரூருக்கு மூன்று நாள்கள் போய்வந்தோம். தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. குரங்கு முகம் கொண்ட அந்த மன்னன் இந்திரனுக்காகப் போரிடுகிறான். பரிசாகத் தியாகேசரைக் கேட்கிறான். கொடுக்க மனமில்லாத இந்திரன், அதேபோன்ற ஆறு திருமேனிகளைச் செய்வித்து ஏழையும் சேர்த்து முன்வைக்கிறான். முசுகுந்தன் உண்மையானவரை இனம் கண்டு, ஏழு திருமேனிகளையுமே பூமிக்குக் கொண்டுவருகிறான். இவ்வளவும் தமிழ்க் குறிப்புகளுடன் மேலே ஓடுகிறது. 17ஆம் நூற்றாண்டு ஓவியம். அனுமதி பெற்று, ஒரு துண்டை விரித்து, தம்பி மல்லாந்து படுத்துக்கொண்டான். மார்பின் மேல் அட்டை. அட்டையின் மேல் தாள்.

அந்த ஓவியத்தை எழுதியவர் பெயர் சிங்காதனம். நம் பழங்கோயில்களில் கல் செதுக்கியவர், வண்ணம் தீட்டியவர் பெயர் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இவரோ தம் உருவத்தையும் வணங்கிய நிலையில் எழுதி, பெயரையும் பொறித்திருக்கிறார். தம்பி அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாழ்நாளில் வரைந்த எந்தப் படத்திலும் கையெழுத்திட்டதில்லை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. காரணத்தை நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

1981ஆம் ஆண்டு. தகப்பனார் காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. நான் வங்கியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள். தம்பி ஓவியப் படிப்பை முடித்திருந்தான். அவனுடைய படங்களைக் கண்ட சென்னைப் பத்திரிகை அலுவலகம் ஒன்று அவனை அழைத்தது. முதல் ஓராண்டு சம்பளம் இல்லை, வந்து பழகலாம் என்றார்கள். அறைக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 150 ரூபாய் நான் அனுப்பினால் போதும் என்று அவன் கேட்டான். குடும்ப நிலைமை இடம் கொடுக்காது என்று நான் சொன்னேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. பிறகு ஆசிரியர் வேலைக்குப் போனான். அதே மாதம் நான் ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டியிருந்தேன் என்பது அவனுக்குத் தெரியாது என்று 44 ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைசி இரண்டு நாள்களும் தஞ்சை. 1010இல் குடமுழுக்குக் கண்ட பெரிய கோயிலின் திருச்சுற்றில், வெயில் தாழ்ந்த பிறகு, புல்தரை ஓரம் அமர்ந்தோம். விமானத்தைக் காட்டித் தம்பி சொன்னான்.

“உள்சுற்றுல கீழ்த்தளத்துல சோழர் ஓவியம் இருக்கு. அதுக்கு மேல்தளத்துல கரணச் சிற்பம். சிவபெருமானே ஆடற மாதிரி. 108 செதுக்கணும்னு கல்லையெல்லாம் வரிசையா தயார் பண்ணி வச்சிருக்காங்க. ஆனா 81தான் முடிஞ்சிருக்கு. மீதி 27 கல்லும் வெறுங்கல்லாவே நிக்குது. ஆயிரம் வருஷமா.”

“ஏன் முடிக்கவில்லை?” என்றேன்.

“யாருக்குத் தெரியும்? ஆனா கோயில் நின்னு போகலையே. பூசை நடக்குது.”

இனியும் விழுங்க முடியவில்லை. 1981ஐப் பற்றிச் சொன்னேன். ஸ்கூட்டரையும் சொன்னேன். மன்னித்துக்கொள் என்று கேட்டேன். 67 வயதில் தம்பியிடம் அப்படிக் கேட்பது எளிதாக இல்லை.

அவன் உடனே, “போனது போகட்டும் அண்ணா” என்று சொல்லிவிடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. “ஸ்கூட்டர் விஷயம் எனக்கு அப்பவே தெரியும்” என்றான். சிறிது நேரம் கழித்து, “பத்து வருஷம் உங்க மேல கோபமா இருந்தேன். அந்தப் பத்து வருஷமும் பிள்ளைங்களுக்கு ஆப்பிள் வரையச் சொல்லிக் கொடுத்துட்டு, வீட்டுக்கு வந்து ஒரு கோடு போட மாட்டேன். அது உங்க தப்பு இல்ல. என் தப்பு. உங்களது 27 கல்லுல ஒரு கல்லுதான்” என்றான்.

பிறகு அவனே பூசலார் நாயனாரைப் பற்றிப் பேசினான். ஆலயம் எழுப்பப் பொருள் தேடினார், கிடைக்கவில்லை. மனத்துக்குள்ளேயே அடித்தளம் இட்டு, விமானம் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் கற்றளி கட்டிய மன்னனின் கனவில் தோன்றிய இறைவன், அந்த நாளில் நாம் அன்பனுடைய கோயிலுக்குப் போகிறோம், நீ வேறு நாள் பார் என்றருளினார். “கை முழுசா ஓஞ்சப்புறம் நான் அவர் வழிதான். இந்த 24 நாள் பார்த்ததை வச்சு உள்ளே வரையலாம். சரக்கு சேர்த்தாச்சு” என்று சிரித்தான்.

வாசக அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கோடை விடுமுறையில் குழந்தைகளை ஆலயத்துக்கு அழைத்துச் செல்லும்போது, அர்ச்சனைத் தட்டோடு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொண்டு செல்லுங்கள். ஒரு தூணின் முன் அரைமணி நேரம் உட்கார வையுங்கள். வரைவதற்காக ஒன்றைப் பார்க்கும்போதுதான் நாம் அதை முழுமையாகப் பார்க்கிறோம். வீட்டில் ஒரு பிள்ளை படம் வரைந்தால், ‘இது சோறு போடுமா?’ என்று கேட்பதற்கு முன் நம்முடைய கணக்கை ஒருமுறை நேர்மையாகக் கூட்டிப் பார்ப்போம்.

ஊர் திரும்பும் முன் தம்பி எனக்கு ஒரு படம் கொடுத்தான். தாராசுரத்து அடியார் ஒருவர், கூப்பிய கைகள். “கையெழுத்துப் போட்டுக் கொடு” என்றேன். தயங்கினான். மாத்திரையின் வேகம் அடங்கிய மாலை நேரம் அது. இடக்கையால் வலக்கையைப் பற்றிக்கொண்டு எழுதினான். எழுத்துகள் சிறுத்து, நெளிந்து, வரிசை தவறிக் கீழே இறங்கின.

39 ஆண்டுகள் வங்கியில் கையொப்பங்களை ஒப்பிட்டுப் பார்த்தவன் நான். கை நடுங்கிய முதியவர்களின் காசோலைகளை, ‘கையொப்பம் மாறுபடுகிறது’ என்று குறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தம்பியின் கையொப்பத்தைச் சட்டமிட்டுப் பூஜை அறையில் மாட்டியிருக்கிறேன்.