புள்ளிராஜாவும் என் மாமனும்

திருச்செங்கோட்டில் ரிக் வண்டியில் வேலை பார்த்த என் மாமன் 2003ல் செத்துப்போனார். வயது 34. ஒடிசா, மத்தியப் பிரதேசம் என்று மாசக்கணக்கில் போர் போடப் போய் வந்தவர். என்ன சீக்கு என்று கேட்டவர்களிடம் அம்மாயி, "காமாலைங்க, கவனிக்காம விட்டுப்போட்டோம்" என்றார். ராத்திரியெல்லாம் இருமி, எலும்பும் தோலுமாகக் கிடந்த ஆளுக்குக் காமாலை! ஊரும் நம்புவதுபோல நடித்தது. அந்த நாட்களில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற விளம்பரம் எங்கே பார்த்தாலும் இருக்கும். ஒன்பது வயதில் எங்களுக்கு அது கிண்டல் வார்த்தை. மாமன் கதை, கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

போன மாசம் கோயமுத்தூரில் ஒரு கல்யாணப் பேச்சு. பெரியவர் ஒருத்தர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "பொண்ணு நாமக்கல்லுங்களா? அந்தப் பக்கம் அந்த நோவு ஜாஸ்தியாச்சுங்களே!" நாலு பேர் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷமாகியும் இந்தச் சிரிப்பு போகவில்லை.

எச்.ஐ.வி. ஒரு ரெட்ரோவைரஸ். நம் செல்லின் மரபணுவுக்குள்ளேயே தன்னை எழுதிவைத்துக்கொண்டு, பல வருஷம் சத்தமில்லாமல் இருக்கும். எதிர்ப்புச் சக்தி சரிந்த பிறகு காசநோய் மாதிரி ஒன்று வந்து ஆளை முடிக்கும். ஆக, தேடினால்தான் கிடைக்கும். 1986ல் சென்னையில் சுனிதி சாலமன் சொல்லி, அவருடைய மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் சேகரித்தார். வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். இந்தியாவில் முதலில் எச்.ஐ.வி. அகப்பட்டது இப்படித்தான். அதற்காகச் சென்னைதான் இந்தியாவிலேயே ஒழுக்கம் கெட்ட ஊர் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வோமா?

நாமக்கல்லுக்கு நடந்தது அதுதான். கர்ப்பிணிகளிடம் வேறு சோதனைக்காக எடுத்த ரத்தத்தில் மிச்சத்தை, பேரை அழித்துவிட்டு எச்.ஐ.வி.க்குச் சோதிப்பது கண்காணிப்பின் முறை. லாரிக்காரர்கள் நிறைந்த நாமக்கல்லில் மாநிலத்தின் உயர்ந்த எண்களில் ஒன்று வந்தது. அந்த எண் சொன்னது, இங்கே மருந்தும் ஆலோசனையும் சீக்கிரம் வேண்டும் என்பதை. நாம் அதை நடத்தைச் சான்றிதழாகப் படித்தோம். அரசாங்கம் ஆளின் பேரை அழித்தது. நாம் ஊரின் பேரில் ஒட்டினோம்.

எண்ணே பொய்தானே என்பார்கள் சிலர். 52 லட்சம் என்றிருந்த நாட்டின் கணக்கு 2007ல் சுமார் 25 லட்சமாகக் குறைந்தது உண்மைதான். வீடுவீடாகப் போய்ப் பெரிய அளவில் சோதித்ததால் கிடைத்த திருத்தம் அது. எண்ணுகிறவன்தான் தன் தப்பைத் திருத்துவான். எண்ணவே மறுக்கிறவனுக்குத் திருத்த என்ன இருக்கிறது?

அரசாங்கத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. பேரை அழித்த சோதனையில், பாசிட்டிவ் என்று வந்த பெண்ணுக்கு அந்த முடிவு போய்ச் சேராது. புள்ளிராஜாவைப் பார்த்து ஊர் சிரித்தது; புள்ளிராஜாவின் பெண்டாட்டியை யாரும் கேட்கவில்லை.

என் அத்தையையும் யாரும் கேட்கவில்லை. 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. சோதனைக்குப் போனால் மாமனுக்கு என்ன என்று ஊருக்குத் தெரிந்துபோகும் என்று அத்தையை யாரும் கூட்டிப்போகவில்லை. 2006ல் அவரும் இருமி இருமிப் போனார். மாமனைக் கொன்றது வைரஸ். அத்தையைக் கொன்றது அந்தக் காமாலைப் பொய்.

இன்றைக்கு ஒழுங்காக மாத்திரை போட்டால் முழு ஆயுசு வாழலாம். ரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்கு அடங்கினால் உடலுறவில் அடுத்தவருக்குப் பரவாது. பாகுபாட்டைத் தடுக்க 2017ல் சட்டமும் வந்தாயிற்று. இருந்தும் சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பக்கத்து மாவட்டத்துக்கு பஸ் ஏறுகிறவர் இருக்கிறார். அவர் பயப்படுவது அந்தக் கல்யாணப் பேச்சில் எழுந்த சிரிப்புக்குத்தான்.

பெரியவரிடம் நான் கேட்டேன்: "அங்க தேடினாங்க, கிடைச்சுதுங்க. உங்க ஊர்ல தேடினாங்களா?"

"சாப்பிடப் போலாங்களா?" என்றார்.