விலாசத்தை அழிக்காதீர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளைச் சுற்றுவது எனக்கு ஒரு வியாதி. வாங்குவது குறைவு, வேடிக்கைதான் அதிகம். எனாமல் தூக்கு, பர்மாத் தேக்குத் தூண், ஜரிகை ஒட்டிய ரவிவர்மா படம், மூக்குடைந்த பீங்கான் பொம்மை என்று இடித்த வீடுகளின் மிச்சமெல்லாம் அங்கேதான் வந்து சேர்கிறது.

போன மாதம் ஒரு கடை வாசலில் ஒரு பையன் கை மெஷினில் எமரி தாள் மாட்டி, பித்தளைத் தவலையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தவலையின் கழுத்துக்குக் கீழே, புள்ளி புள்ளியாக உளியால் வெட்டிய இரண்டு எழுத்து. செட்டிநாட்டில் இதை விலாசம் என்பார்கள். குடும்பத்துப் பெரியவர்கள் பெயர்களின் முதலெழுத்து. சீர் சாமானில் அதை வெட்டித்தான் பெண்ணை அனுப்புவார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் எழுத்து போய்விட்டது.

“ஏம்ப்பா, அதை ஏன் தேய்க்கிற?”

“அடுத்தவங்க பேரு இருந்தா யாருண்ணே வாங்குவாங்க? பளபளன்னு இருந்தாத்தான் போகும்.”

அவனைச் சொல்லி என்ன? அப்படிக் கேட்பது நாம்தானே. வேடிக்கை என்னவென்றால், அதே கடையில் நேற்று வார்த்த சிலைக்கு மருந்து தடவிக் கறுப்பாக்கி ‘ஆன்டிக் ஃபினிஷ்’ என்று விற்கிறார்கள். நானும் ஏமாந்தவன்தான். ஊர் பெயர் வேண்டாம், ஓர் இடத்தில் களிம்பேறிய ஒரு சாண் பிள்ளையாரை வாங்கினேன். வீட்டில் ஈரத்துணியால் துடைத்தேன்; பச்சை முழுக்கத் துணியோடு வந்துவிட்டது.

ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்தாரே, அவர் எந்தக் கோயில்காரர் என்பதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படம் சாட்சி. தவலையை யார் படம் எடுத்து வைத்திருப்பார்கள்? அது எந்த வீட்டு அடுப்படியில் இருந்தது என்பதற்கு அந்த எழுத்துதான் சாட்சி.

சேகரிக்கிறவர்கள் “எத்தனை வருஷத்துப் பழசு?” என்று மட்டும் கேட்கிறார்கள். அதற்குக் கடைக்காரர் வாய்க்கு வந்த பதிலைச் சொல்கிறார். எந்த ஊர், எந்த வீடு, எப்போது வந்தது என்று கேளுங்கள். கிடைத்த பதிலை ஒரு தாளில் எழுதி, பொருளோடு வையுங்கள். மெருகு போட வேண்டாம். தூசி தட்டினால் போதும்.

மிஞ்சிய ஒற்றை ‘மெ’யோடு அந்தத் தவலையை எடுத்துக்கொண்டேன். பாலிஷ் முடியவில்லையே என்று சங்கடப்பட்டு, கடைக்காரர் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்.