மலையுச்சியில் ஒரு மறுபரப்பி

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது தொலைபேசிகள் செயலிழந்தன. அவ்வேளையில் போர்ட் பிளேயரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணி, ஹாம் வானொலி வாயிலாகத் தீவுகளின் செய்திகளை வெளியுலகிற்கு அனுப்பினார். அவருக்கு உதவியது நெடுந்தொலைவு செல்லும் சிற்றலை. வாக்கி-டாக்கியின் அலையோ குன்று குறுக்கிட்டால் நின்றுவிடும். ஆகவே உயரமான இடத்தில் ரிப்பீட்டர் என்னும் மறுபரப்பியை அமைக்கின்றனர். அது ஓர் அலைவரிசையில் குரலைக் கேட்டு, அதே கணத்தில் வேறோர் அலைவரிசையில் ஒலிபரப்பும்.

இதனை விலைக்கு வாங்கலாம். எனினும் மாணவர்கள் தாமே செய்வதே நன்று. அடிப்படைத் தேவை இரண்டு வாக்கி-டாக்கிகளும் ஒரு மைக்ரோகன்ட்ரோலருமே. முதற்கருவியில் குரல் வந்ததும், மைக்ரோகன்ட்ரோலர் இரண்டாவதன் பேசும் பொத்தானை இயக்கும். எவரேனும் நெடுநேரம் பேசினால் நிறுத்துவதும் அதுவே. (மேடைப் பேச்சாளர் சிலருக்கும் இது தேவை!) ஆண்டெனாக்கள் அருகருகே இருந்தால், ஒலிபரப்பும் கருவி கேட்கும் கருவியைச் செவிடாக்கிவிடும். இப்பிழையைத் தாமே கண்டு திருத்திய மாணவர், புயல்நாளில் கருவி பழுதானால் பிறர் வருகைக்குக் காத்திரார்.

உரிமமின்றி ஒலிபரப்புவது குற்றமன்றோ எனச் சிலர் தயங்குவர். தயக்கம் முறையானதே, மறுபரப்பி நிறுவ அரசின் இசைவும் வேண்டும். ஆயினும் 12 வயது நிரம்பியோர் தேர்வெழுதி ஹாம் உரிமம் பெறலாம். அதுவரை, பேசும் பொத்தானுக்குப் பதிலாகச் சிறு விளக்கொன்றை இணைத்து, ஒலிபரப்பாமலேயே நிரலைச் சோதிக்கலாம்.